போகாத பியூஸ்

செம்பனை எண்ணெய் ஆலையில் முப்பத்தொரு வருடம் வயர்மேனாக இருந்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வரப்போகும் முட்டாள்தனத்தைப் படித்துவிட்டு, இந்த ஆளுக்குக் கரண்டைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கக் கூடாது பாருங்கள். தெரியும். தெரிந்ததுதான் தொல்லையாகப் போயிற்று.

ஓய்வு பெற்ற வருடம் எனக்கு ஒரு படகு வந்து சேர்ந்தது. பக்கத்துத் தோட்டத்தில் மேனேஜர் பங்களாவுக்குப் பின்னால், கார்க் கொட்டகையில், சருகும் பல்லி எச்சமுமாகக் கிடந்த பதினாறு அடிப் பாய்மரப் படகு. யார் வாங்கியது, எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. மாற்றலாகிப் போகவிருந்த மேனேஜர், "வேணும்னா இழுத்துக்கிட்டுப் போங்க, இல்லாட்டி எரிச்சுருவாங்க" என்றார். எரிப்பதைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. லோரி வைத்துக் கோலசிலாங்கூருக்குக் கொண்டுவந்து, ஆற்றுக்கு அக்கரையில், பாசிர் பெனம்பாங்கில் ஒரு சீனரின் ஜெட்டியில், அதாவது பலகைப் படகுத்துறையில், கட்டினேன். அவர் தோட்டத்து மளிகைக்கடைக்காரர் மகன். தொழிலாளர் லயத்துப் பிள்ளைகளோடு வளர்ந்தவர் என்பதால் நம்மைப் போலவே தமிழ் பேசுவார். முதலாளி என்ற பொருளில் தவுக்கே என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம்.

பாய் கட்டுவதைக் கைப்பேசியில் வீடியோ பார்த்தும் சேற்றில் விழுந்தும் கற்றுக்கொண்டேன். ஆறு மாதத்தில், இறங்குகிற தண்ணீரோடு ஆற்று முகத்துக்குப் போய், ஏறுகிற தண்ணீரோடு திரும்பி வருமளவுக்குத் தேறிவிட்டேன். காற்று கைவிட்டால் ஓட்டுவதற்கு, கயிறு இழுத்துக் கிளப்பும் சின்ன எஞ்சின் ஒன்று பின்னால் உண்டு. ஆலை இரைச்சல் வேலையை விட்ட பிறகும் என் காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. பாய் விரித்து எஞ்சினை நிறுத்திய முதல் நாள்தான் அது அடங்கியது. அன்று நான் கொஞ்சம் அழுதேன். இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

அவளுக்கு இந்தப் படகில் பங்கே கிடையாது. நீச்சல் தெரியாது. ஜெட்டிப் பலகையில் நடப்பதென்றாலே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பாள். ஆனால் அவளுடைய பயம் தண்ணீரைப் பற்றி மட்டும் இல்லை. எனக்குச் சர்க்கரை. ஊசி போட்டுக்கொள்கிறவன். சில வருடங்களுக்கு முன் மார்க்கெட்டில் மீன் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது சுகர் இறங்கி, மீன்காரர் காலடியிலேயே சுருண்டு விழுந்தேன். அன்றைக்கு அவள் பக்கத்தில் நின்றாள். அரசாங்க ஆஸ்பத்திரி வார்டில் இருபது வருடம் உதவியாளராக இருந்தவள். பதறாமல் என் வாயில் சீனியைத் தடவினாள். கடலில் அதை யார் தடவுவார்கள் என்பதுதான் அவளுடைய ஒரே கேள்வி.

பதிலை மகள் கண்டுபிடித்தாள். மேல் கையில் ஐம்பது காசு அளவுக்கு ஒரு வட்டம் ஒட்டிக்கொள்ள வேண்டும். அது என் சுகர் எவ்வளவு என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என் கைப்பேசிக்குச் சொல்லும். என் கைப்பேசி அதைக் கரையில் இருக்கும் என் மனைவியின் கைப்பேசிக்குச் சொல்லும். நம்பருக்குப் பக்கத்தில் ஒரு அம்புக்குறி வரும்; மேலே பார்த்தால் ஏறுகிறது, கீழே பார்த்தால் இறங்குகிறது.

என் மனைவி அந்த நம்பரை இரண்டு நாள் உற்றுப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள். "நம்பர் தெரியிற வரைக்கும் நீங்க எங்க வேணா போங்க. ஒரு நாளு நம்பர் தெரியாம போச்சு, அன்னிக்கே படக வித்துருங்க."

ஒப்புக்கொண்டேன். ஆனால் என் கைப்பேசி மகள் பயன்படுத்தித் தள்ளிவிட்டது. கையில் ஒட்டிய வட்டத்தோடு ஓயாமல் பேசிப் பேசி மூன்று மணி நேரத்தில் படுத்துவிடும். நான் போய்வர ஐந்து மணி நேரமாகும். பவர் பேங்க் வாங்கினேன். இரண்டாம் வாரமே அது உப்புத் தண்ணீரில் குளித்துச் செத்தது. சரி, படகிலேயே ஒரு பேட்டரி வைத்து ஒரு சார்ஜ் பாயிண்ட் போட்டுவிட்டால் தீர்ந்தது, வயர்மேனுக்கு இது ஒரு வேலையா என்று நினைத்தேன்.

நானூற்றுப் பதினைந்து வோல்ட்டோடு குடித்தனம் நடத்தியவனுக்குப் பன்னிரண்டு வோல்ட்டைப் பார்த்தால் என்ன மரியாதை வரும்? தொட்டால் கூசக்கூடக் கூசாது. ஒரே மத்தியானத்தில் முடித்தேன். படகின் மூக்குக்குள் பேட்டரி. அங்கிருந்து சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று, நான் உட்காரும் இடம்வரை. வழியில் பாய்மரத்தின் அடியைத் தாங்கும் அலுமினியத் தகடு குறுக்கே நின்றது. அதில் ஒரு துளை போட்டு இரண்டு வயரையும் நுழைத்தேன். துளைக்கு ரப்பர் வளையம் போட வேண்டும் என்று தெரியும். வீட்டில் இருக்கிறது, நாளைக்குப் போடலாம் என்று விட்டேன். கடைசியில், சார்ஜ் பாயிண்டுக்கு ஒரு சாண் முன்னால், அழகாக ஒரு பியூஸ்.

அந்த இடம் ஏன் என்று நான் யோசிக்கவே இல்லை. இந்த நாட்டு மூன்று முனை பிளக்கைத் திறந்து பாருங்கள், உள்ளே சின்னதாக ஒரு பியூஸ் படுத்திருக்கும். தோட்டத்தில் லயத்து வீடுகளுக்கு என்னைக் கூப்பிடுவதெல்லாம் அதற்குத்தான். "அண்ணே, பியூஸ் போச்சு" என்பார்கள். ஏதோ வீட்டு ஆள் போய்விட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்கள். சிலர் என்னைக் கூப்பிடாமல் சிகரெட் பெட்டி ஈயத்தாளைச் சுற்றி வைப்பார்கள். அவர்களை நான் கிழித்துத் தொங்கவிடுவேன். அப்படிப் பழகிப் பழகி, பியூஸ் என்றால் சாமானுக்குப் பக்கத்தில் இருப்பது என்று என் கை முடிவு கட்டியிருந்தது. நான் போட்ட பியூஸ் போனதே இல்லை என்று ஆலையில் பெருமையடித்துக்கொள்வதும் உண்டு.

படகிலும் அது போகவில்லை. ஏழெட்டு முறை போய்வந்தேன். கைப்பேசி எப்போதும் சார்ஜ் நூறு காட்டியது. கரையில் நம்பர் தெரிந்தது. என் மனைவி முதன்முறையாக எனக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொடுத்தாள்.

அன்றைக்குக் காற்று நன்றாக இருந்தது. ஆற்று முகத்தைத் தாண்டி, மலைமேல் கலங்கரை விளக்கம் கட்டைவிரல் அளவுக்குச் சிறுத்த தூரத்தில் இருந்தேன். கைப்பேசி முதல்நாள் சரியாகச் சார்ஜ் ஏறாமல் கால்வாசியில் இருந்தது. வழியில் ஏறிக்கொள்ளட்டும் என்று செருகினேன். படகு ஒரு அலையில் ஏறித் தட்டென்று விழுந்தது. பாய்மரம் முனகியது. அடுத்து வாடை வந்தது. ஆலையில் எத்தனையோ முறை முகர்ந்த, எரியும் வயரின் வாடை.

குனிந்து பார்த்தேன். பேட்டரியிலிருந்து தகடுவரை வயர் புகைந்துகொண்டிருந்தது. மேலுறை கொழுப்பு மாதிரி உருகிப் படகின் ஓட்டில் சொட்டியது. மூக்குக்குள் தவழ்ந்துபோய்ப் பேட்டரி முனையிலிருந்து வயரைப் பிடுங்கினேன். இரண்டு விரல் வெந்தது. எல்லாம் அரை நிமிடத்துக்குள். இன்னும் அரை நிமிடம் விட்டிருந்தால் படகே பற்றியிருக்கும், நான் எங்கே இறங்கி ஓடுவது?

புகை கலைந்ததும் உட்கார்ந்தேன். கை நடுங்கியது. பயத்தில் நடுங்குகிறது என்று நினைத்தேன். கைப்பேசியில் இன்னும் கொஞ்சம் உயிர் இருந்தது. உடனே வீட்டுக்குப் பேசியிருக்கலாம். என்ன சொல்வது? வயர்மேன் போட்ட வயர் எரிந்துவிட்டது என்றா? எஞ்சினைக் கிளப்பிவிட்டு, கரை பக்கம் வந்ததும் சாவகாசமாகப் பேசலாம் என்று இருந்துவிட்டேன். எஞ்சின் கயிற்றை இழுத்தேன். கை வழுக்கியது. மறுபடி இழுத்தேன். பாயை இறக்க மறந்தது ஞாபகம் வந்து அதை இறக்கினேன். கயிறு சிக்கியது, சிக்கெடுக்க வெகுநேரமாயிற்று. எந்தக் கயிறு எதற்கு என்று குழம்பியது. கைப்பேசியைத் திரும்பிப் பார்த்தபோது அது செத்திருந்தது.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று இன்றுவரை சரியாகத் தெரியவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, படகு ஆற்று முகத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது, அதுவரைக்கும் தெரியும். எதிரே தவுக்கேயின் கெராங் படகு வந்தது. சேற்றில் சிப்பி அள்ளப் போகிற அந்தப் படகின் முன்பலகையில் யாரோ ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். சுற்றுலா வந்தவர் யாரோ, பாவம், இந்த நாற்றப் படகில் ஏன் ஏறினார் என்று நினைத்தேன்.

பக்கத்தில் வந்த பிறகுதான் அது என் மனைவி என்று தெரிந்தது. படகைப் பிடிக்கவேண்டிய இரண்டு கையாலும் ஒரு போத்தலைப் பிடித்திருந்தாள். சிவப்பாக, சீனிப்பாகில் கரைத்த சிரப் தண்ணீர்.

தவுக்கே என் படகைப் பிடித்துச் சேர்த்தார். அவள் இரண்டு படகுக்கும் நடுவிலிருந்த தண்ணீரைப் பார்க்கவே இல்லை. காலைத் தூக்கி வைத்து இந்தப் பக்கம் வந்து விழுந்தாள். எழுந்து, "வாயத் தொறங்க" என்றாள்.

"ஒண்ணுமில்ல, வயருதான்…"

"வாயத் தொறங்கன்னு சொன்னேன்."

குடித்தேன். வேகாத விரலாகப் பார்த்துக் குத்தி, ஒரு சொட்டு இரத்தம் எடுத்து, கொண்டுவந்த மெஷினில் வைத்தாள். இரண்டு புள்ளி எட்டு. நாலுக்குக் கீழே போனாலே ஆபத்து என்பார்கள்.

"கடைசியா பாத்தப்ப நாலு புள்ளி ஒம்பது, அம்பு கீழ பாத்துக்கிட்டு நின்னுச்சு" என்றாள். "அப்புறம் நம்பரே இல்ல. போன் அடிச்சா போகல."

என் கை நடுங்கியது பயத்தினால் அல்ல. அவள் வராமல் இருந்திருந்தால் இந்த வரியை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். இதை அழகாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவள் என் தலையைப் பிடித்து மிதவைச் சட்டையில் சாய்த்துக்கொண்டாள். அது கெராங் நாற்றம் அடித்தது. பதினைந்து நிமிடம் நாங்கள் அப்படியே இருந்தோம். தவுக்கே வேறு பக்கம் பார்த்துக்கொண்டு எங்கள் படகைக் கட்டி இழுத்தார்.

ஜெட்டியில் கால் வைத்ததும் அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. வெந்த விரலுக்கு மருந்து போட்டுவிட்டு, "எது எரிஞ்சிச்சு, காட்டுங்க" என்றாள். காட்டினேன். அலுமினியத் துளையின் விளிம்பு, படகு குலுங்கக் குலுங்க இரண்டு வயரின் உறையையும் ரம்பம் போல அறுத்திருந்தது. சிவப்பும் கறுப்பும் தகட்டின் வழியாகச் சேர்ந்துவிட்டன. அவள் எரிந்த வயரில் தொடங்கி விரலை ஓட்டிக்கொண்டே பின்பக்கம் வந்து நின்றாள். கண்ணாடிக் குடுவைக்குள் பியூஸ் பளபளவென்று முழுசாக இருந்தது.

"இதுதான பியூஸு? இது ஏன் போகல?"

பியூஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

"கரண்ட் எங்கிருந்து வருது?"

"முன்னால, பேட்டரியிலேர்ந்து."

"அப்ப ஜாகாவ கேட்டுலதான நிறுத்தணும்?" என்றாள். அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் வாசல் காவலாளியை ஜாகா என்றுதான் சொல்வார்கள். "நீங்க ஜாகாவக் கொண்டுபோய் கடைசி கட்டில்கிட்ட நிறுத்திட்டீங்க. நடுவுல யாரு பூந்தா அவனுக்கு என்ன தெரியும்?"

முப்பத்தொரு வருடத்தில் எந்த இன்ஜினியரும் எனக்கு இவ்வளவு சுருக்கமாக விளக்கியதில்லை. சார்ஜ் பாயிண்டுக்குப் பக்கத்தில் நான் போட்ட பியூஸ் கைப்பேசியைக் காக்கும். வயரை யார் காப்பது? வீட்டில் அதற்குத்தான் வாசலிலேயே மெயின் பெட்டி இருக்கிறது. நான் ஒரு பிளக்கை மாற்றும்போது அந்தப் பெட்டி எனக்குப் பின்னால் எப்போதும் நின்றுகொண்டிருந்தது. படகில் அந்தப் பெட்டி கிடையாது. இந்தச் சின்ன விஷயம் எனக்கு உறைக்கவில்லை. அவள் முன்னால் அசடு வழிந்தேன்.

நம்பர் தெரியாமல் போனால் படகை விற்க வேண்டும் என்பது பேச்சு. மூன்று நாள் அவள் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் வித்துருங்க என்பாள், அவள் சொன்னால் நான் மறுக்க முடியாது. நாலாம் நாள் படகைச் சுத்தம் செய்யப் போனபோது தவுக்கே பேச்சுக் கொடுத்தார்.

"அண்ணே, அக்கா அன்னிக்கி படகுல பூரா அழுதுச்சு லா. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சொல்லுச்சு."

"அப்ப ஏன் சொல்றீங்க?"

"நீங்க தெரிஞ்சிக்கணும் லா" என்று சொல்லிவிட்டு அவர் வலையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கே வேலையை ஆரம்பித்தேன். விற்பதாக இருந்தாலும், வாங்குகிறவனை எரித்துக் கொல்லக் கூடாது அல்லவா, அப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பழையதை முழுக்கப் பிடுங்கி எறிந்தேன். உப்புக் காற்றில் பச்சை பிடிக்காத, வெள்ளீயம் பூசிய வயர் வாங்கினேன். பேட்டரியின் சிவப்பு முனையிலிருந்து ஒரு சாண்கூடத் தள்ளாமல் பியூஸ், தண்ணீர் புகாத மூடியோடு. வயர் எவ்வளவு தாங்கும் என்று பார்த்து, அதற்கும் குறைவாக, பத்து ஆம்பியர். அதற்கடுத்து முழுவதையும் நிறுத்த ஒரு சுவிட்ச். முறுக்கி டேப் ஒட்டுவதை விட்டு, ஒவ்வொரு முனைக்கும் செம்பு வளையக் காது வைத்து நசுக்கி இழுத்துப் பார்த்தேன். தகட்டுத் துளைக்கு ரப்பர் வளையம், அதற்கு மேல் வயருக்குக் குழாய் உறை. வயர்மேன் என்றால் இதையெல்லாம் முதல் தடவையே செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. பன்னிரண்டு வோல்ட்தானே என்ற திமிர்.

முடித்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பலகைமேல் நடந்து வந்தாள். படகில் இறங்க மாட்டாள், மேலிருந்தே பார்ப்பாள் என்று நினைத்தேன். இறங்கினாள். பேட்டரியிலிருந்து பின்பக்கம்வரை ஒவ்வொரு வயராகத் தொட்டுக் கேட்டாள். சொன்னேன். துளைக்குள் விரலை விட்டு ரப்பரைத் தடவிப் பார்த்தாள்.

"இப்ப நடுவுல ஒண்ணோட ஒண்ணு பட்டா?"

"பாரு" என்றேன். தகட்டுக்குப் பக்கத்தில் வேண்டுமென்றே மூடாமல் விட்டிருந்த இணைப்பில், ரப்பர் பிடி போட்ட ஸ்குரூ டிரைவரால் சிவப்பையும் கறுப்பையும் சேர்த்தேன். ஒரு சின்னப் பொறி. முன்னால் டப் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். புகை இல்லை, வாடை இல்லை. வயரைத் தொட்டால் சூடுகூட இல்லை.

"பியூஸ் போச்சு" என்றேன். வாழ்க்கையில் முதன்முறையாக அதைச் சிரித்துக்கொண்டு சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. குனிந்து சார்ஜ் பாயிண்டைத் தொட்டுப் பார்த்தாள். இப்போது விற்கச் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். பாயை எப்படி மடித்துக் கொடுப்பது, வாங்க யார் வருவார்கள் என்றெல்லாம் மனசு ஓடியது.

"இன்னொண்ணு போடுங்க" என்றாள்.

"போடறேன். பையில அஞ்சாறு பியூஸ் வச்சிருக்கேன்."

"பியூஸ் இல்ல. இந்த சார்ஜ் பாயிண்டு. எனக்கும் ஒண்ணு."

எனக்குப் புரியவில்லை. "உனக்கு எதுக்கு? நீ கரையிலதான…"

"கரையில உக்காந்துக்கிட்டு அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா அந்த நம்பரப் பாக்கறது எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது" என்றாள். "படகு வேணான்னு சொன்னா நீங்க வீட்டுல ஆலைச் சத்தத்தக் கேட்டுக்கிட்டே உக்காந்திருப்பீங்க. எனக்குத் தெரியும். அதுக்கு நான் இங்கயே உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்துக்கறேன்."

காதுக்குள் ஓடிய அந்தச் சத்தத்தைப் பற்றி நான் அவளிடம் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. தவறித் தண்ணீரில் விழுந்தால் என்ன செய்வாய், உனக்கு நீச்சல் தெரியாதே என்றுதான் கேட்டேன். உங்களுக்குந்தான் ஒழுங்கா வயர் போடத் தெரியல, நீங்க போகலையா என்றாள்.

இரண்டு சார்ஜ் பாயிண்ட் போட்டால் அந்தப் பத்து ஆம்பியர் போதுமா என்று பார்க்க, பையிலிருந்து பென்சிலை எடுத்தேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த கணக்கு. அவள் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கூட்டல் வரவில்லை.